தன் தறியில் நெய்த துணியில் ஸ்கர்ட்: கத்திரி வைக்கும் முன்னும் பின்னும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். பருத்திப் பாவில் (நீளவாக்கு நூல்) கம்பளி ஊடை (குறுக்கு நூல்) கொடுத்து நெய்த துணி. தறியில் அகலம் 24 அங்குலம், நீளம் மூன்றேகால் மீட்டர். உங்கள் இடுப்பு 31 அங்குலம், சீட் (பின்புறம் மிக அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவு) 40. முழங்கால் அளவில் ஒரு நேர் ஸ்கர்ட் வேண்டும். இதற்கு முன் நீங்களே நெய்து தைத்த ஸ்கர்ட்டின் பின்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து பை போலத் தொங்கிவிட்டது. பக்கத் தையலில் நூல்கள் விலகி உள்ளே இருப்பது தெரிந்தது. ஜிப் அலையலையாக நின்றது. அதனால் இந்த முறை துணியை விரித்து வைத்தும் வெட்டக் கை வரவில்லை.

அந்த மூன்று கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். நெய்த துணியையே சுமை தாங்கவும் விட்டிருக்கிறீர்கள். ஆலையில் நெய்த துணி நெருக்கமாகவும் முறுக்கேறிய நூலிலும் இருக்கும், இழுத்தால் பொறுத்துக்கொள்ளும். நாம் தறியில் நெய்வது பெரும்பாலும் மென்முறுக்கு நூல், கைபோன போக்கில் தட்டிய ஊடை. அது அழகாகத் தொங்கும். ஆனால் உட்காரும்போது சீட்டில் விழும் குறுக்கிழுப்பை அது தனியாகத் தாங்காது. ஆகவே இந்த ஸ்கர்ட்டில் இழுப்பு விழும் இடத்திலெல்லாம் அதைத் தாங்க வேறொன்று இருக்க வேண்டும். சீட்டில் உள்ளே சேர்த்துத் தைக்கும் ஓர் அடித்துணி, இடுப்பில் ஒரு நாடா, ஜிப் ஓரத்தில் இஸ்திரியால் ஒட்டும் ஒரு ஃபியூசிங் பட்டை. கீழே நான் சொல்வதில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

துணியைக் கழுவிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கழுவாவிட்டால் இன்று அளவெடுக்கவே வேண்டாம். தறியிலிருந்து இறக்கியது இன்னும் துணியாகவில்லை, ஒன்றுக்குள் ஒன்று கோத்த நூல்தான். பாவு நூல் தறியில் நாள்கணக்காக இழுபட்டு நின்றது. தண்ணீரில் போட்டால்தான் அது தளர்ந்து, ஊடையைச் சுற்றி வளைந்து, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வெட்டு முனைகள் இரண்டிலும் ஒரு வரிசை ஜிக்ஜாக் ஓட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்து, அமுக்கி அமுக்கி எடுங்கள். கம்பளி ஊடை என்பதால் தேய்க்கவும் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி திரண்டு ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை மீட்க முடியாது. பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள்.

எவ்வளவு சுருங்குகிறது என்பதை அறிய ஒரு வழி உண்டு. துணியின் ஒரு முனையில் 20 சென்டிமீட்டர் சதுரத்தை வண்ண நூலால் குறித்து வைத்துக் கழுவுங்கள். காய்ந்ததும் அந்தச் சதுரத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியே அளந்தால் இரண்டு திசைக்கும் தனிக் கணக்கு கிடைக்கும். கம்பளி ஊடையில் அகலம்தான் அதிகம் குறையும். அடுத்த துணி நெய்யும்போது பாவு போடுவதற்கு இந்த எண் கைகொடுக்கும். நீங்கள் சொன்ன துணி கழுவியபின் 21 அங்குல அகலமும் 118 அங்குல நீளமும் நிற்கும் என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குப் போடுகிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

காய்ந்த துணியைக் கையில் எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு கட்டை விரல்களையும் அரை அங்குல இடைவெளியில் வைத்து, துணியை அழுத்திப் பிடித்து எதிரெதிராக இழுங்கள். நூல்கள் நகர்ந்து இடைவெளி விழுந்தால், அதேதான் பக்கத் தையலிலும் நடக்கும். தையல் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அது நூலைத் தடுக்காது, தையலுக்கு வெளியே இருக்கும் நூல் நழுவிக்கொண்டு போகும். அதிகமாக நகர்ந்தால் நேர் ஸ்கர்ட்டைக் கைவிட்டு, வெட்டாத அகலத் துண்டுகளை இணைத்து, மடிப்போ சுருக்கமோ வைத்து இடுப்பில் பிடித்துவிடுங்கள். அங்கே சீட்டில் தாராளமாகத் துணி இருக்கும், எந்த நூலும் இழுபடாது. கொஞ்சமாக நகர்ந்தால் அடித்துணி வைத்துச் சமாளிக்கலாம். அசையவே இல்லையென்றாலும் அடித்துணி வைக்கத்தான் சொல்வேன்.

இப்போது கணக்கு. நீங்கள் வெட்டப் பயப்படுவதற்கு ஒரு காரணம், துணி எப்படி அமையும் என்று தாளில் பார்க்காததுதான் என்று நினைக்கிறேன்.

சீட் 40, அதற்கு மேல் 2 அங்குலம் தளர்வு, மொத்தம் 42. அகலம் 21, இரண்டு துண்டு போட்டால் சரியாக 42 வருகிறதே என்று தோன்றும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தையலுக்குள் போகும் துணியைக் கழிக்க வேண்டும். இந்த வகைத் துணிக்கு ஓரத்துக்கு முக்கால் அங்குலமாவது வேண்டும். இரண்டு துண்டுக்கு நான்கு ஓரம், 3 அங்குலம் போய்விடும். மிச்சம் 39, உடம்பின் அளவைவிடவே குறைவு. போன ஸ்கர்ட் சீட்டில் இறுகியிருந்தால் இந்தக் கணக்கைச் சரிபாருங்கள்.

ஆகவே மூன்று துண்டு. முன்பக்கம் ஒரே துண்டு, துணியின் முழு அகலம் 21. தையல் போக 19.5 அங்குலம் நிற்கும். பின்பக்கம் நடுவில் தையலோடு இரண்டு துண்டு, அவை சேர்ந்து 22.5 தர வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் 11.25, தையலோடு 12.75. ஓர் அகலத்தில் இரண்டு 12.75 அடங்காது என்பதால் பின்பக்கத் துண்டுகளுக்கும் தனித்தனி நீளம் வெட்ட வேண்டும். சீட்டுப் பக்கம் உடம்பு அதிகம் என்பதால் பின்பக்கம் கொஞ்சம் அகலமாக இருப்பது நல்லதே. நடுத்தையல் ஜிப்புக்கும் கீழே நடக்க விடும் திறப்புக்கும் இடம் தருகிறது.

முடிந்த நீளம் 26 அங்குலம் என்றால், கீழே மடிக்க 3, மேலே தையலுக்கு முக்கால், ஆக ஒரு துண்டு 30 அங்குலம். மூன்று துண்டுக்கு 90. உங்களிடம் 118 இருப்பதால் 28 அங்குலம் மிச்சம். ஊடையில் பட்டைக் கோடுகள் இருந்தால் அவற்றைப் பொருத்த இந்த மிச்சம் பயன்படும், முழுவதையும் வேறு எதற்கும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இடுப்புப் பட்டியைப் பாவு நூல் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும், பாவுத் திசைதான் குறைவாக நீளும். உங்கள் இடுப்பு 31, மூச்சுவிட அரை அங்குலம், ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஊக்கு மாட்ட ஒன்றரை, முனைத் தையலுக்கு ஒன்றரை, ஆக 34.5. இதற்கு 30 அங்குலத் துண்டு போதாது. ஆனால் பின்பக்கத் துண்டுகள் இரண்டையும் துணியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், பக்கவாட்டில் 60 அங்குல நீளத்துக்கு 8 அங்குலத்துக்கு மேல் அகலமான பட்டை மிஞ்சும். இடுப்புப் பட்டி முழுசாக, இணைப்பே இல்லாமல், அதிலிருந்து வரும். கீழ்த்திறப்புக்கு நடு ஓரத்தில் கூடுதலாக 2 அங்குலம் விட்டாலும் இன்னும் 6 அங்குலம் இருக்கும். ஆனால் இந்த இரண்டு துண்டையும் முதலில் குறுக்கே வெட்டிப் பிரித்துவிட்டால் இந்தப் பட்டை போய்விடும். அதனால்தான் தாளில் வரைந்து பார்த்தபிறகே துணியைத் தொடச் சொல்கிறேன்.

சீட் 42, இடுப்பு 32 (உடம்புக்கு 31, அரை அங்குலம் தளர்வு, இன்னொரு அரை அங்குலம் பட்டிக்குள் அமுக்கிச் சேர்க்க). நடுவே 10 அங்குலத்தை எங்கேயாவது குறைக்க வேண்டும். ஒரே டார்ட்டில் (துணியைக் கூராக மடித்துத் தைத்து அகலம் குறைப்பது) நிறைய எடுத்தால் தடித்த துணியில் முனை கூம்பு போல நிற்கும். பிரித்து எடுத்தால் படியும். நான் இப்படிப் பிரிப்பேன்: பக்கத் தையல் இரண்டிலும் ஒவ்வொரு ஓரத்திலும் முக்கால், அது 3. பின் நடுத்தையலில் இரு ஓரத்திலும் அரை, அது 1. பின்பக்கம் ஒவ்வொரு பாதியிலும் ஓர் அங்குல டார்ட் இரண்டு, அது 4. முன்பக்கம் ஒவ்வொரு பாதியிலும் ஓர் அங்குல டார்ட் ஒன்று, அது 2. கூட்டினால் 10. இடுப்பில் முன்பாதி 8, பின்பாதி 8 என்று சமமாக வந்துவிடும். முன் டார்ட் மூன்றரை அங்குல நீளம் போதும், வயிற்றுக்கு மேல் முடிய வேண்டும். பின் டார்ட் ஐந்து, ஐந்தரை வரை இறங்கலாம். இரண்டில் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பது நீளமாக இருக்கட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் தாளில் சரி, உடம்பு தாளைப் போல இருக்காது. அதனால் காடாத் துணியில் ஒரு ஸ்கர்ட் தைத்துப் பாருங்கள். இதைத் தவிர்த்தால் கண்டிப்பாக வருந்துவீர்கள். உங்கள் துணிக்கு எத்தனை நாள் உழைத்திருக்கிறீர்கள், காடாவுக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். இயந்திரத்தில் நீளத் தையல் வைத்து, பிரிக்க எளிதாகத் தையுங்கள். சீட் கோட்டைத் துணியின் வெளியே பென்சிலால் சுற்றிலும் வரைந்துவிடுங்கள், முன் நடுவிலும் பக்கங்களிலும் நேர்க்கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லும்.

அளவெடுக்கும்போதும் ஒரு சிறு பழக்கம் உதவும். இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை குனிந்து நிமிருங்கள். அது தானாகப் போய் நிற்கும் இடம்தான் உங்கள் இடுப்பு. அங்கிருந்து கீழே சீட் அகலமாக இருக்கும் இடம் பெரும்பாலும் 7 முதல் 9 அங்குலத்துக்குள் இருக்கும், அந்த ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை மறுபடி அளந்து பாருங்கள். நின்றபோது 40 இருப்பவருக்கு உட்கார்ந்தால் கூடும். 2 அங்குலத் தளர்வு போதுமா என்பதை இந்த இரண்டாவது எண்தான் முடிவு செய்யும். அது 42-ஐத் தாண்டினால் தளர்வைக் கூட்டுங்கள், பின்பக்கத் துண்டில் அதற்கு இடமிருக்கிறது.

காடா ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள், முடிந்தால் யாரையாவது பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சீட் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும், பக்கத் தையல் நேர்குத்தாக விழ வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை சிறிய திருத்தங்கள்தான்.

சீட் பக்கம் குறுக்கே இழுபட்டக் கோடுகள் தெரிந்தால் இறுக்கம். பக்கத் தையலைப் பிரித்து விடுங்கள். பின்பக்கம் பட்டிக்குச் சற்றுக் கீழே குறுக்கே மடிப்பு விழுந்து படுத்திருந்தால், பலரும் அதையும் இறுக்கம் என்று நினைத்து அகலத்தைக் கூட்டுகிறார்கள். அது இறுக்கமில்லை, முதுகின் அடிப்பகுதி உள்வளைந்தவர்களுக்கு அந்த இடத்தில் நீளம் அதிகம். பின் நடுவில் இடுப்புக் கோட்டைக் கால், அரை அங்குலம் கீழே இறக்கிவிட்டால் மடிப்பு மறையும். இழுபட்ட கோடு விறைப்பாக இருக்கும், அதிகத் துணியின் மடிப்பு மெத்தென்று இருக்கும், விரலால் கிள்ளிப் பிடிக்கலாம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிப் பொருத்தம் வந்துவிடும்.

பக்கத் தையல் கீழே போகப் போகப் பின்னால் சாய்ந்தால், சீட் மேடு அதிகமாக இருந்து பின்துணியை மேலே இழுக்கிறது. பின்பக்கத்துக்கு நடுவில் நீளம் கூட்ட வேண்டும். முன்னால் சாய்ந்து முன் ஓரம் தூக்கினால், வயிறு இழுக்கிறது, முன்பக்கத்துக்கு நீளம் கூட்ட வேண்டும். ஒரு பக்க இடுப்பு மற்றதைவிட உயரமாக இருப்பது மிகச் சாதாரணம். அப்போது சீட் கோடு ஒரு பக்கம் ஏறும். இந்த மூன்று நிலையிலும் திருத்தம் மேலே, இடுப்பில்தான். கீழ் ஓரத்தை வெட்டிச் சமன் செய்தால் நிற்கும்போது நேராகத் தெரியும், ஆனால் ஊடைக் கோடு சாய்ந்தே இருக்கும். ஊடை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் நம்முடைய துணியில் அந்தச் சாய்வு தெளிவாகத் தெரிந்துவிடும்.

பிறகு நடங்கள், படியேறுங்கள், கால்மேல் கால் போட்டு உட்காருங்கள், குனிந்து எதையாவது எடுங்கள். கீழ்த்திறப்பு எவ்வளவு உயரம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். 26 அங்குல நேர் ஸ்கர்ட்டுக்குப் பெரும்பாலும் 6, 7 அங்குலம் போதும். திருத்தியவை எல்லாவற்றையும் காடாவிலேயே பேனாவால் எழுதி, தையலைப் பிரித்து, அந்தத் துண்டுகளையே வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் துணி. முனையில் ஓர் ஊடை நூலை உருவி, அது விட்ட கோட்டில் நேராக வெட்டி, முனையை ஊடைக்கு நேராக்குங்கள். துணியை இரண்டாக மடித்து வெட்ட வேண்டாம், கீழ்மடிப்பில் ஊடை வளைந்துகொண்டால் தெரியாது. ஒற்றையாக விரித்து, முழு வடிவங்களையும் வைத்து, எடைக்கு ஏதாவது வைத்து அமுக்குங்கள். எல்லாத் துண்டுகளுக்கும் மேல்பக்கம் ஒரே திசையில் இருக்கட்டும், கழுவிய கம்பளியில் மெல்லிய மயிர்ப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிறம் மாறித் தெரியலாம்.

எந்தத் துண்டை எங்கே எடுப்பது என்பதில் நெய்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. தறியில் உட்கார்ந்த முதல் நாளில் ஊடையைத் தட்டிய தட்டும் கடைசி நாளின் தட்டும் ஒன்றாக இருக்காது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நெருக்கமான பகுதியும் தளர்ந்த பகுதியும் தெரியும். தட்டு மிகவும் சீராக அமைந்த இடத்தை முன்பக்கத்துக்கு எடுங்கள். பின்பக்கத் துண்டுகளில் நெருக்கமான முனை சீட் பக்கம் வரட்டும், தளர்ந்த முனை கீழே மடிப்புக்குள் போகட்டும். பட்டைக் கோடுகள் இருந்தால் சீட் கோட்டிலிருந்து கீழ் ஓரம் வரை பொருத்துங்கள். அதற்கு மேலே பக்கத் தையல் வளைவதால் பொருந்தாது, அதற்காகப் போராட வேண்டாம்.

கரையை, அதாவது துணியின் இரு பக்கமும் நெய்தபடியே முடிந்த ஓரத்தை, தையலுக்குள் விடலாமா என்றால், துணியோடு சேர்ந்து சமமாகப் படுத்திருந்தால் விடலாம். அது பிரியாத ஓரம், தனியாகப் பிசிறு அடிக்க வேண்டாம். கரை இறுகிச் சுருங்கித் துணி அதன் பக்கத்தில் அலையடித்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத் தையல் முழுவதும் சுருங்கித் தொங்கும்.

வெட்டும் கோட்டை நூலால் குறித்துக்கொள்ளுங்கள். துணியின் உட்பக்கம் அந்தக் கோட்டை ஒட்டி, துண்டின் உள்ளே, முக்கால் அங்குல அகலத்தில் மெல்லிய ஃபியூசிங் பட்டையை இஸ்திரியால் ஒட்டுங்கள். பிறகு கத்திரி வைத்தால் ஒரு நூலும் பிரியாது. ஃபியூசிங் பிடிக்காதவர்கள் கோட்டுக்கு உள்ளே இரண்டு வரிசை நேர்த்தையல் ஓட்டிவிட்டு வெட்டலாம், நானும் நீண்ட காலம் அப்படித்தான் செய்தேன். ஜிக்ஜாக் வைப்பதானால் நெருக்கமாக வேண்டாம், நெருக்கமான ஜிக்ஜாக் ஓரத்தை நீட்டி அலையாக்கிவிடும். எந்த முறையானாலும் முதலில் மிச்சத் துணியில் செய்து பாருங்கள்.

அடித்துணிக்கு வருகிறேன். லைனிங் தனியாகத் தொங்கும் உள்ஸ்கர்ட். அடித்துணி அப்படியில்லை, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதே வடிவில் வெட்டி, சுற்றிலும் ஓட்டுத் தையலால் சேர்த்து, அதன்பின் இரண்டையும் ஒரே துணியாக எண்ணித் தைப்பது. மெல்லிய, நெருக்கமாக நெய்த பருத்தி ஏற்றது. அதையும் முன்பே கழுவிவிட வேண்டும். அது உங்கள் துணியைவிடக் குறைவாக நீளும், எனவே உட்காரும்போது இழுப்பு முதலில் அதன்மேல் விழும். இதை உறுதிப்படுத்த அடித்துணியை அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நூலளவு, எட்டில் ஓர் அங்குலம், குறைவாக வெட்டி, ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். நெய்த துணி அதன்மேல் கொஞ்சம் தளர்வாக உட்காரும்.

நான் முதலில் தைத்த ஸ்கர்ட்டில் லைனிங் மட்டும் தாராளமாக வைத்தேன், வழுவழுப்பாக அழகாக இருந்தது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எழுந்தபோது பின்பக்கம் இரண்டு முட்டைகள் போல உப்பியிருந்தது. தாராளமான லைனிங் இழுப்பில் பங்கேற்கவே இல்லை, முழுப் பளுவும் மேல்துணிக்கே போனது. ஊடை கம்பளியாக இருந்ததால் ஆவி பிடித்ததும் ஓரளவு மீண்டது. அதுவே முழுப் பருத்தியாகவோ லினனாகவோ இருந்திருந்தால் மறுபடி தண்ணீரில் போடும்வரை அப்படியே நின்றிருக்கும். உங்களுக்கும் குறுக்கே ஓடுவது கம்பளிதான் என்பது நல்ல வாய்ப்பு.

அடித்துணியில் இன்னொரு பெரும் பயன், கீழ் ஓர ஹெம்மிங்கும் உள்தையல்களும் அடித்துணியை மட்டும் பிடித்தால் போதும். வெளியே ஒரு புள்ளி தையல்கூடத் தெரியாது.

இயந்திரத்தில் 90 எண் ஊசி, பாலியெஸ்டர் நூல், 3 மில்லிமீட்டர் தையல் இந்தத் தடிமனுக்குச் சரியாக வரும். இயந்திரத்தில் துணியைப் பிடிக்கும் காலின் அழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒன்றாக நகர்த்தும் கால் இருந்தால் அதைப் போடுங்கள். டார்ட் முனையில் பின்னோக்கித் தைக்காமல் நூலை நீளமாக விட்டு முடிச்சுப் போடுங்கள். டார்ட் தடித்துத் தெரிந்தால் நடுவே பிளந்து இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள், ஆனால் முனைக்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிரியும்.

தையல் ஓரங்களுக்கு ஓவர்லாக் போதும். ஆனால் உள்ளும் வெளியும் ஒரே மரியாதை வேண்டும் என்று நினைப்பவர்கள் மெல்லிய துணியில் கிராஸ் பட்டி (நூலுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி) வெட்டி ஓரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தம். வேலை அதிகம், ஆனால் திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறையும்.

ஒவ்வொரு தையலையும் தைத்த உடனே இஸ்திரி போடுங்கள். கம்பளி இருப்பதால் ஈரத்துணி போட்டு, பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து நகர வேண்டும். சறுக்கி இழுத்தால் துணி நீளும். ஆவி ஏற்றியவுடன் ஒரு சமமான மரக்கட்டையை அந்த இடத்தில் வைத்து ஆறும்வரை அழுத்திப் பிடித்தால் தையல் கத்தி போலப் படியும்.

ஜிப் அலையடிப்பதற்கு ஜிப் காரணமில்லை. தைக்கும்போது துணி நீள்கிறது, ஜிப்பின் நாடா நீளாது. முடிந்தபின் நீண்ட துணி எங்கே போகும், அலையாக நிற்கும். அந்த ஓரத்தில் நீளவாக்கில் ஃபியூசிங் பட்டை ஒட்டி, ஜிப்பை வைத்து நீளத்தை அளந்து, துணி அதிகமாக இருந்தால் விரலால் அமுக்கி அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இயந்திரத்தை விட்டுக் கையால் தையுங்கள். மேலே ஒரே ஒரு நூல் அளவுக்கு மட்டும் பின்தையல், கீழே கால் அங்குலம் தள்ளி அடுத்தது. மேல்பக்கம் மணி மணியாகச் சிறு குழிகள்தான் தெரியும், அவை உங்கள் நெசவின் புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். மறைவு ஜிப் தடித்த துணியில் அடிக்கடி மடிப்பைக் கடித்துக்கொள்ளும், சாதாரண ஜிப்பே நல்லது. அதன் நீளம் சீட் கோடுவரை போக வேண்டும், 8 அங்குலம் எடுங்கள். கையால் தைத்த ஜிப் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரட்டை நூலில் பின்தையல் போட்டால் நன்றாகத் தாங்கும்.

இடுப்புக்கு நீளாத பருத்தி நாடா ஒன்றை 31.5 அங்குலம் அளந்து வெட்டி உடம்பில் சுற்றிப் பாருங்கள். உட்கார்ந்தும் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஸ்கர்ட்டின் 32 அங்குலத்தை அந்த நாடாவுக்குள் சமமாக அமுக்கிச் சேர்த்துத் தையுங்கள். அந்த அரை அங்குலம் வயிற்றுக்கும் சீட்டுக்கும் மேலே உருண்டையாகப் போக இடம் கொடுக்கும். ஆவி காட்டினால் கம்பளி தானாகச் சுருங்கிக்கொள்ளும். பிறகு பட்டி. பட்டியின் வெளிப்பக்கம் உங்கள் துணி, உள்பக்கம் அடித்துணிக்கு எடுத்த மெல்லிய பருத்தி. இரண்டு பக்கமும் நெய்த துணியே வைத்தால் இடுப்பில் கயிறு கட்டியதுபோல் தடிக்கும்.

பட்டி வைத்ததும் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். நேர் நூலில் வெட்டிய துண்டுகள் அதிகம் இறங்காது, ஆனால் பக்கங்களில் வளைந்து வெட்டிய இடம் கொஞ்சம் இறங்கலாம். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, தரையிலிருந்து மேல்நோக்கி அளந்து சுற்றிலும் குறிக்கச் சொல்லுங்கள். இது இரண்டாள் வேலை. 3 அங்குலம் மடித்து, ஓரத்தில் கிராஸ் பட்டி கட்டி, அடித்துணியோடு மட்டும் தளர்வாகக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். நூலை இறுக்கினால் வெளியே பள்ளம் விழும்.

தனி லைனிங் வேண்டுமா என்று கேட்டால், கம்பளி உறுத்தாவிட்டால் தேவையில்லை. வேண்டுமானால் அது சீட்டில் ஸ்கர்ட்டின் அளவைத் தாண்டாமல் இருக்கட்டும், கீழே நடக்க மட்டும் தாராளமாக விடுங்கள்.

பட்டியின் உள்ளே பக்கங்களில் இரண்டு நாடா வளையம் தைத்து அதில் தொங்கவிடுங்கள், கவ்வும் கிளிப் போட்டால் அந்த இடத்தில் ஊடை நகரும். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுத்து ஆவி காட்டுங்கள். இதே பாவு, ஊடை நூல்களில் இரண்டு மீட்டரை ஓர் அட்டையில் சுற்றி எடுத்து வையுங்கள். எங்காவது ஒரு நூல் அறுந்தால் அதே நிறத்தில் ஊசியால் கோத்து நெய்துவிடலாம்.